மாமனாரின் காய்ச்சலுக்குக் காரணம் கண்டவர்களுக்கு நன்றி

டோங்காட் கோயில் நண்பர்களுக்கும், ஜோஸினிப் பக்கத்துக் கிராம மக்களுக்கும், திருநெல்வேலியிலிருந்து போன் மேல் போன் போட்டு விசாரித்த சொந்தங்களுக்கும் வணக்கம்.

மாமனார் நன்றாக இருக்கிறார். காலையில் வாசலில் நின்று யாரையாவது அதட்ட ஆரம்பித்துவிட்டார், ஆகவே கவலை வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை என்பதால் எல்லோருக்குமாக இந்த மடல்.

அவருக்கு வந்தது உண்ணி கடித்து வரும் காய்ச்சல். நடந்தது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஆடி என்பது குளிர்காலம். கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். நேர்த்திக்கடன் உள்ள குடும்பங்கள் கிடா வெட்டும். அந்தக் கிடாக்களை வடக்கே ஜூலுலாந்தில், ஜோஸினிப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்து வாங்கி வருவது மாமனாரின் தொழில். 1860க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசு அவர். தமிழைவிட ஜூலு சரளமாக வரும். இந்த வருடமும் போனார், முழங்கால் உயரப் புல்லில் நடந்து கிடாக்களைப் பொறுக்கி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் போல ஆனதும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்தைத் திருப்ப முடியாத வலி. டவுனில் பார்த்த டாக்டர் ஃப்ளூ என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சொன்ன நாளில் கிடாவை ஏற்ற வேண்டும் என்று காய்ச்சலோடே பக்கி என்னும் சின்னச் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் மனிதர். யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. போன இடத்தில் படுத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

முதல் நன்றி அந்த வீட்டுப் பெரியவருக்கு. பாபா, நீங்கள் கம்பளியைச் சுற்றி, சாலையில் போன டாக்ஸியை நிறுத்தி, அரசு கிளினிக்குக்குக் கொண்டுபோனீர்கள். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஆடு விற்கிறவர், ஆடு வாங்குகிறவர் என்ற உறவுக்கு இது எவ்வளவோ அதிகம்.

அடுத்தது அந்த கிளினிக் சிஸ்டருக்கு. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

ஜோஸினி மலேரியா உள்ள பகுதி. அதனால் காய்ச்சல் என்று யார் போனாலும் முதலில் விரல் நுனியில் குத்தி அதைத்தான் பார்ப்பார்கள். பார்த்தார், இல்லை. "மலேரியா இல்லை, போய் ரெஸ்ட் எடுங்கள்" என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பியிருக்கலாம், வெளியே அவ்வளவு பெரிய வரிசை. அவர் கதவைச் சாத்திவிட்டு, "பேன்ட்டைக் கழற்றுங்கள் பாபா" என்றாராம். மாமனாருக்கு வந்த கோபத்தை அவரே நடித்துக் காட்டினால்தான் ரசிக்க முடியும். சிஸ்டர் அசரவில்லை. முழங்கால் மடிப்பில் ஒன்று, பெல்ட் அழுத்தும் இடத்தில் ஒன்று, தொடை இடுக்கில் ஒன்று என்று கண்டுபிடித்தார். சிகரெட் நெருப்பு பட்டது போலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. அரையில் நெறி கட்டியிருந்தது. அவருக்கோ இதெல்லாம் உடம்பில் இருப்பதே தெரியாது, வலித்தால்தானே தெரியும்.

ஒன்றுக்கு மேல் இருந்ததைப் பார்த்ததும் இது உண்ணிக் காய்ச்சல்தான் என்று சிஸ்டருக்கு உறுதியாகிவிட்டது. கடித்தது இந்தப் பக்கத்து மாட்டு உண்ணி, போன்ட் உண்ணி என்பார்கள், முதுகில் கோலம் போட்ட மாதிரி நிறங்கள் இருக்கும். புல் நுனியில் ஆள் வரட்டும் என்று தொங்கிக்கொண்டிருக்கும் சாதி இல்லை அது. மூச்சுக்காற்றின் வாடை பிடித்துத் தரையில் நடந்தே தேடி வரும், கூட்டமாகவும் வரும். அதனால்தான் பல கடிகள். ரிக்கெட்ஸியா ஆஃப்ரிக்கே என்ற பாக்டீரியா அதன் உடம்பில் இருக்கும். தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கும் போய்விடுவதால், அப்போதுதான் பொரித்த, மிளகு உண்ணி என்று இங்கே சொல்லும் பொடிக்குஞ்சு கடித்தாலும் நோய் வரலாம். இதே உண்ணியால் ஹார்ட்வாட்டர் என்ற நோய் வந்து ஆடு சாகும் என்பது மாமனாருக்கு சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவரை, அவர் தொடையைப் பார்க்க வைக்க ஒரு சிஸ்டர் தேவைப்பட்டார்.

வீட்டில் நாய் உண்டா என்றும் கேட்டாராம். நாய் உண்ணி கடித்து வரும் இன்னொரு வகைக் காய்ச்சல் இருக்கிறது. அதைக் கொடுப்பது ரிக்கெட்ஸியா கொனோரை என்ற வேறொரு பாக்டீரியா, ஆளையே கொல்லக்கூடியது. இரண்டுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின்தான். 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. தமிழ்நாட்டில் சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வந்தவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார், நான்காம் நாள் கஞ்சியில் உப்பு இல்லை என்றார்.

ஜோகன்னஸ்பர்க்கில் லேப் வேலை பார்க்கும் தம்பிக்கும் நன்றி. "ரத்த டெஸ்டில் ஒன்றும் காட்டவில்லையே" என்று நான் பதறியபோது அவன்தான் நிதானமாக விளக்கினான். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் பொருக்கைப் பார்த்தே மருந்து தொடங்குவதுதான் முறை. அப்புறம் இன்னொன்றும் சொன்னான். மாடு மேய்க்கும் ஊர்களில் பலருக்கு முன்பே கடி பட்டு அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும்; அதனால் ஒரே ஒரு டெஸ்டில் பாசிடிவ் வந்தாலும், இந்தக் காய்ச்சல் அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. சில வாரம் விட்டு இரண்டாவது முறை எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது எப்படித் தெரியவந்தது என்று கேட்டேன். கிராமத்து மக்கள் ரத்தம் கொடுத்ததால்தான் என்றான். க்ரூகர் தேசியப் பூங்காவின் வேலியை ஒட்டி, ம்புமலாங்காவில் ம்னிசி என்ற பகுதி இருக்கிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழகம் அங்கே பல வருடமாக வேலை செய்கிறது. மலேரியா இல்லை என்று தெரிந்த பிறகும் காய்ச்சலோடு நின்றவர்களிடம் ரத்தம் வாங்கிப் பார்த்ததில், உண்ணியின் பாக்டீரியா எத்தனை சாதாரணமாக மனிதர்களைத் தொட்டுப் போகிறது என்பது தெரிந்தது. அந்த மக்களில் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த மடலில் அவர்கள் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வருத்தமும் உண்டு. இந்த நோயைப் பற்றிப் பதிவானதெல்லாம் பெரும்பாலும் சஃபாரி பார்த்துவிட்டு நாடு திரும்பிய வெளிநாட்டுப் பயணிகளின் காய்ச்சல். தினமும் அதே புல்லில் நடக்கும் மேய்ப்பனின் காய்ச்சல் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அவனும் நாலு நாள் படுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

மாடுகளுக்கு மருந்துக் குளியல் போடும் டிப் தொட்டியில் வேலை பார்க்கும் கால்நடை உதவியாளர் என் மகனுக்கு உண்ணி எடுக்கக் கற்றுக் கொடுத்தார். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் கூடாது. அடுத்த வருடம் கிடா வாங்கப் போகிறவர்கள் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், ராத்திரி குளிக்கும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். கூச்சப்பட்டால் மாமனாரிடம் அனுப்பிவைக்கிறேன்.

ரசம் கொண்டுவந்த அக்காக்களுக்கும், இரவு எங்களோடு தங்கிய சித்திக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி. பாத்திரங்கள் எல்லாம் கழுவித் தயாராக இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பூஜை தவறாமல் கிடாக்களை லாரியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த லாரி வாடகையைக் கொடுத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. கமிட்டியில் கேட்டால் சிரிக்கிறார்கள். கொடுத்தவர் தயவுசெய்து முன்னால் வந்து தொகையைச் சொல்லுங்கள். சொல்கிறவரை மாமனார் கமிட்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.