வட சென்னைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத் தேர்வு முடிவுகள் வரும்போதெல்லாம் 'வட சென்னைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சு டீக்கடையிலும் ஆசிரியர் அறையிலும் ஒரே தொனியில் கேட்கிறது. காசிமேட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பேச்சை ஒரு காலத்தில் நானும் பேசியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் தன் ஆயாவுக்குத் துணையாக நின்று, ஏலத்தில் எடுத்த கூடையின் விலை, ஐஸுக்குக் கொடுத்தது, வண்டிக்கூலி எல்லாவற்றையும் கழித்து, கையில் நிற்பது எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவான். அதே பையனைக் கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைப் போடச் சொன்னால் சாக்பீஸைப் பிடித்தபடி அசையாமல் நிற்பான். நான் குரலை உயர்த்துவேன். அவன் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு கையைக் காதருகே கொண்டுபோவான். திமிர் என்று நினைத்து மதியம் வரை நிற்க வைத்த நாளும் உண்டு. "அப்பன் குடிச்சிட்டு வந்து கத்துனா புள்ள இப்டித்தான் சுருண்டுக்கும் டீச்சர்" என்று ஆயா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த கணக்கு அந்த நேரத்தில் அவன் கைக்கு எட்டவில்லை. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி மூளையின் உள்ளே இருக்கிறது. அடி, வசவு, இரவில் வீட்டைவிட்டு ஓட வேண்டிய அச்சம் ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால், அது சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. கார்டிசால் முதலிய மன அழுத்தச் சுரப்புகள் உடலில் ஏறுகின்றன. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், ஒரு கணக்கின் முதல் படியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் படிக்குப் போவதும் மூளையின் முன்பகுதியின் வேலை என்பதால், அந்தப் பகுதியின் பிடி தளரும்போது பிள்ளை கரும்பலகை முன் வெறுமையாக நிற்கிறது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியும், சிறுவயதில் கொடுமைக்கு ஆளான பெரியவர்களிடம் சிறுத்துக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இதைக் குப்பத்துக்கும் குடிசைக்கும் மட்டும் உரிய நோயாக யாரும் படித்துவிடக் கூடாது. சிறுவயதுத் துன்பங்களைப் பற்றி வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 1998-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மருத்துவக் காப்பீடு பெற்றிருந்த, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தவரான 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டது. அவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒரு வகைத் துன்பத்தையாவது சிறுவயதில் அனுபவித்திருந்தார்கள். வசதியான தெருக்களில் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது, எங்கள் தெருக்களில் முடிவதில்லை.

சேதம் நிலைத்துவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகர அனாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000-ம் ஆண்டு முதல் பின்தொடர்ந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே அனுப்பப்பட்டவர்கள், நன்றாகவே தேறினார்கள். பள்ளிக்கு வரும் வயதில் அந்த இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பதால், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கைவிரிப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

பள்ளியில் உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம், 'உருப்படமாட்டே' என்ற சொல்லைக் கைவிடவில்லை. மனநல ஆலோசகர் எங்கள் பள்ளிக்கு வந்த நாட்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி. அவர் வடசென்னைக்காரர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பயந்த பிள்ளைக்கும் பாடம் ஏறாது என்பதை அதே அளவுக்கு ஏற்றுக்கொண்டு, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பகுதிகளின் அரசுப் பள்ளிகளுக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் முழுநேர ஆலோசகர்களை நியமிக்குமாறு கல்வித் துறையையும் மாநகராட்சியையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஒரு பெயரை மெல்லக் கற்போர் பட்டியலில் எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய் வர வேண்டும் என்ற விதியையாவது கொண்டுவரலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
இராயபுரம், சென்னை.