எங்கள் படங்களுக்கு இரக்கப் புள்ளி போடாதீர்கள்: யாழ்ப்பாணம் வரும் திரைப்பட விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விமர்சகர்களே,

வணக்கம். 2015இல் யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா தொடங்கிய பிறகு, புதுப் படங்களோடு அவற்றைப் பற்றிக் கதைக்கிற ஆட்களும் இந்த ஊருக்கு வந்துபோவது வழக்கமாகிவிட்டது. கொழும்பிலிருந்து வருகிறீர்கள், சென்னையிலிருந்து வருகிறீர்கள், சிலர் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறீர்கள். உள்ளூரிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த விழாவின் ஒழுங்கமைப்பாளர்களுக்கும் இந்த மடலை எழுதவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கப்போகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எங்கள் படம் மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில், எதனால் மோசம் என்பதையும் சொல்லுங்கள்.

வடக்கில் ஒரு படம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் நன்றியுரை மாதிரி ஒரு தொடக்கவுரை. பிறகு 'காலத்தின் தேவை', 'கனதியான படைப்பு', 'எமது மக்களின் வலி' என்ற மூன்றையும் முன்பின்னாக மாற்றிப்போட்டு நாலு பேர் பேசுவார்கள். ஒருவர் எழும்பி, கேள்வி என்ற பெயரில் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திலிருந்து தொடங்கி 2009இல் போர் முடிந்தது வரைக்கும் வருவார். அதற்குள் மண்டபத்துக்காரர் கதவடியில் வந்து நிற்பார். இயக்குநருக்கு ஒரு பொன்னாடை. படத்தில் அந்தத் தாய் அழத் தொடங்குவதற்கு முன்னமே வயலின் ஏன் அழுகிறது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கமரா ஏன் அந்த அறைக்குள் போனது, ஏன் வாசலிலேயே நின்றிருக்கக்கூடாது என்றும் கேட்டிருக்கமாட்டார்கள். கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை, அது மரியாதை. திரைப்பட விழாவிலும் அதே மரியாதையைப் பார்த்தால் எப்படி?

உள்ளூர்க்காரர் அப்படிப் பேசுவதற்காவது காரணம் இருக்கிறது. இயக்குநர் பக்கத்து வீட்டுப் பெடியன், நடித்தவர் எங்கள் வாத்தியார், பணம் போட்டது கனடாவில் இருக்கிற மாமா. நாளைக்கும் முகம் பார்க்கவேண்டும். வெளியிலிருந்து வரும் உங்களுக்கு அந்தச் சங்கடம் ஒன்றுமில்லை. ஆனாலும் நீங்கள் அதையேதான் கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறீர்கள். 'துணிச்சலான குரல்', 'அவசியமான படம்', 'மௌனத்தை உடைக்கிறது.' இதே நீங்கள் ஒரு கொரியப் படத்தைப் பற்றியோ ருமேனியப் படத்தைப் பற்றியோ எழுதும்போது வெட்டு, ஒலி, நடிப்பின் அளவு, கடைசி இருபது நிமிடத்தின் தளர்ச்சி என்று எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறீர்கள்! எங்கள் படம் வந்ததும் அந்தக் கத்தியை உறையில் போட்டுவிட்டு அனுதாபத்தோடு தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கு அது கருணையாகத் தெரியலாம். கதிரையில் இருந்து கேட்கிற எங்களுக்கு, 'இவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது' என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதாகத்தான் கேட்கிறது.

பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இந்த விளையாட்டு எடுபடாது. விழா நாட்களில் வெளிவரும் தொழில்முறைச் சஞ்சிகைகளில் போட்டிப் படம் ஒவ்வொன்றுக்கும் எந்த விமர்சகர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்று அட்டவணை போடுவார்கள். (எத்தனை நிமிடம் எழுந்துநின்று கைதட்டினார்கள் என்று மணிக்கூடு பார்த்து எழுதும் செய்திகளும் உண்டு. அந்த வியாதி மட்டும் இங்கே தொற்றாமல் இருக்கட்டும்.) 1960இல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவ்வெந்துரா' படம் அங்கே திரையிடப்பட்டபோது சபை கூக்குரலிட்டது, சிரித்தது. அடுத்த நாள் இயக்குநர்களும் விமர்சகர்களுமாகச் சேர்ந்து அந்தப் படத்துக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். அந்த ஆண்டே படத்துக்கு நடுவர் விருதும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பிரித்தானியச் சஞ்சிகை உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. அன்று கூச்சலிட்டவர்கள் பிழையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு படத்தை முன்வைத்து அந்தளவு கோபப்படவும் அந்தளவு பரிந்துபேசவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். எங்கள் படங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றும் கிடைப்பதில்லை. பொன்னாடைதான் கிடைக்கிறது.

இந்த ஊர் விமர்சனத்துக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். மரபு என்றால் என்ன, யாருடைய பேச்சு இலக்கியத்துக்குள் வரலாம் என்று 1960களில் பத்திரிகைப் பக்கங்களில் அடிபட்டவர்கள் எங்கள் முன்னோர். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக இருக்கிற யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக 1974இல் வந்த கைலாசபதி ஓர் இலக்கிய விமர்சகர். பல்கலைக்கழகக் கலையரங்கு இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. தமிழ்ச் சினிமா எப்படி அரசியல் பேசியது என்று இன்னொரு விமர்சகரான பேராசிரியர் சிவத்தம்பி 1981இலேயே தனி நூல் எழுதிவிட்டார். கதைக்கும் கவிதைக்கும் கறாராகப் புள்ளி போடத் தெரிந்த சமூகம், தன் படத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடுகிறது? போர்தான் காரணம் என்று சொல்லிவிடலாம், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மற்றப் பாதி சோம்பல் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மரியாதையின் விளைவு அடுத்தடுத்த படங்களில் தெரிகிறது. ட்ரோன் எழும்புகிறது, கீழே பனங்கூடல். சன்னம் துளைத்த சுவர், கூரையில்லாத வீடு, அதற்குள் முளைத்த ஒரு மரம். புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான தாய். எத்தனை குறும்படங்களில் இதே வரிசை! 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் புகைப்படத்தோடு அமர்ந்தவர்கள் உண்மையான மனிதர்கள். அந்தத் தாயைத் திரைக்குக் கொண்டுவருகிற இயக்குநர் எவ்வளவு யோசிக்கவேண்டும்! யோசிக்காமல் எடுத்தாலும் கைதட்டு கிடைக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் உங்களுக்கும் பங்கிருக்கிறது.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தை எடுத்துப் பாருங்கள். போருக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் திரும்பி வருகிறான். கண் தெரியாத தகப்பன் அவன் செத்துவிட்டான் என்று நம்ப மறுக்கிறார், நட்டஈட்டுப் படிவத்தில் கையொப்பம் வைக்கவும் மறுக்கிறார். ஒரு நாள் மண்வெட்டியோடு புதைகுழிக்குப் போகிறார். நகைச்சுவை நடிகராகப் பெயரெடுத்த ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடித்திருக்கிறார். முகத்தில் அழுகையை அவர் கிட்டத்தட்டக் காட்டுவதேயில்லை. வசனமும் கொஞ்சம்தான். வறண்ட குளமும் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையும் மற்றதைச் சொல்கின்றன. 2000இல் அமைச்சரின் உத்தரவில் அந்தப் படத்தின் திரையிடல் தடுக்கப்பட்டது. 2001இல் உயர் நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. சிங்களக் கிராமத்துத் தகப்பன் ஒருவரைப் பார்த்து வடக்கிலுள்ள ஒரு தாய்க்கு நெஞ்சு அடைக்கிறதென்றால், அது விஷயத்தின் பாரம் மட்டும் செய்த வேலை இல்லை. எதைக் காட்டாமல் விடுவது என்று இயக்குநர் எடுத்த முடிவுகளும் சேர்ந்து செய்த வேலை. எங்கள் இளம் இயக்குநர்கள் பத்துப் பேரை இருத்திவைத்து, ஒரு பின்னேரம் முழுக்க இந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். நூறு வாழ்த்துரையை விட அது பெறுமதி.

கறாராகப் பேசினால் முளையிலேயே கிள்ளியதாகிவிடுமே என்று நீங்கள் பயப்படலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ இங்கே யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்த காலத்தில், காவலூர் இராசதுரையின் திரைக்கதையில் எடுத்த 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. சாதியையும் சீதனத்தையும் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்த படம். பாட்டும் சண்டையும் தேடிப் போன சனத்துக்கு அது பிடிக்கவில்லை, படம் ஓடவில்லை. வசூல் புத்தகத்தோடு அதன் கதை முடிந்திருக்கவேண்டும். முடியாததற்குக் காரணம், அதன் குறைகளையும் சேர்த்து எழுதிவைத்த சிலர். தமிழ் வசனம் சில இடங்களில் மேடை நாடகம் போல ஒலிக்கிறது என்பதையும், வீட்டுக்குள் பெண்கள் காத்திருக்கிற காட்சிகளில் அதற்கு நிகராக இங்கே வேறு படம் வரவில்லை என்பதையும் ஒரே கட்டுரையில் எழுதலாம். அப்படி எழுதினால்தான் பின்னால் வருகிறவனுக்கு அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க மனம் வரும்.

வெளியே தமிழ்ப் படங்களுக்குச் சலுகை தேவைப்படவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டு இயக்குநர் வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் றொட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதை வாங்கியது. வெயிலில் நடக்கிற ஒரு தகப்பனும் மகனும்தான் படம். 2023இல் அதே விழாவின் அதே போட்டியில், விசாகேச சந்திரசேகரம் எங்கள் வடபுலத்துக் கதையைத் தமிழில் எடுத்த படத்துக்கு நடுவர் சிறப்பு விருது கிடைத்தது. அங்கே மற்ற நாட்டுப் படங்களோடு ஒரே தராசில் நின்றுதான் வாங்கினார்கள்.

இன்னொன்று. நீங்கள் பேசவேண்டும் என்று கேட்கிற அதே மூச்சில், எங்களையும் கேளுங்கள் என்கிறேன். ஈழ அகதிகளைப் பற்றிய பிரெஞ்சுப் படமான 'தீபன்' 2015இல் கானின் தங்கப் பனை விருது பெற்றபோது அதன் கடைசிப் பகுதி குறித்து விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். முழுக்க நியாயமான சண்டை. அதில் நாயகனாக நடித்த, யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி ஒரு விதமாகத் தமிழ் பேசுவதும், அவரோடு குடும்பம் நடத்துகிறவராக வந்த சென்னை நடிகை வேறு விதமாகப் பேசுவதும் பாரிஸில் உபதலைப்பு வாசித்தவர்களின் காதில் விழ வழியில்லை. எங்கள் காதில் முதல் நிமிடத்திலேயே விழுந்தது. படத்துக்கு அது குறையா இல்லையா என்பது வேறு விவாதம், எனக்கு அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் அப்படி விவாதிக்க எங்களிடம் விஷயம் இருக்கிறது. யார் கதிரையில் இருக்கிறார், யார் குந்தில் இருக்கிறார், தேத்தண்ணி எந்தப் பாத்திரத்தில் வருகிறது என்பதைப் பார்த்தே ஒரு காட்சியின் சாதியைச் சொல்லக்கூடிய ஆட்கள் பின்வரிசையில் இருப்பார்கள். ஒலிவாங்கி அவர்களிடமும் போகட்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம், படத்தில் பார்த்த ஒன்றிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். 1956இலிருந்து தொடங்குகிறவரை நிறுத்த உங்களால் முடியும். உள்ளூர்க்காரர் நிறுத்தினால் பகையாகிவிடும்.

2018ஐப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' அதற்கு முந்தின ஆண்டு கானில் காட்டப்பட்ட ஆவணப்படம். தமிழ் ஆயுத இயக்கங்களின் உள்வன்முறையைப் பற்றித் தமிழர் ஒருவரே எடுத்தது. யாழ்ப்பாண விழாவின் பட்டியலில் இருந்தது, எதிர்ப்பு வந்தது, பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. வெளியே படத்தைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்தப் படத்தில் எனக்கே பெரிய முரண்பாடுகள் உண்டு. அதன் ஞாபகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அரச வன்முறை அதில் பின்புலமாக ஒதுங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். இதை இயக்குநரின் முகத்துக்கு நேரே, நிறைந்த மண்டபத்தில், படம் ஓடி முடிந்த கையோடு சொல்லியிருக்கவேண்டும். அவரும் பதில் சொல்லியிருக்கவேண்டும். அந்தச் சந்தர்ப்பம் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்காமல் போனது. மறுபடியும் இப்படி ஒன்று நடந்தால், 'படத்தைக் காட்டுங்கள், பிறகு நாங்களே அதைக் கிழிக்கிறோம்' என்று முதல் வரிசையில் நின்று சொல்லவேண்டியவர்கள் நீங்கள். கிழிக்கிற பழக்கம் இருக்கிறவர்கள் சொன்னால்தான் அந்தப் பேச்சை நம்புவார்கள். எல்லாவற்றையும் புகழ்கிறவர் ஒரு படத்துக்காக வாதாடினால் அதற்கு என்ன மதிப்பு?

நடைமுறைக்குச் சிலது. கலந்துரையாடல் தமிழில் நடக்கட்டும். வெளிநாட்டவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு கடைசிப் படத்துக்குப் பிறகு கூட்டத்தை வைக்காதீர்கள். பருத்தித்துறைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க எழும்பிப் போய்விடுவார்கள், மோட்டார்சைக்கிள் வைத்திருக்கிற ஆண்கள் மட்டும் மிஞ்சுவோம். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வையுங்கள். ஒரு இரவு படுத்து எழும்பினால் அபிப்பிராயமும் கொஞ்சம் தெளியும்.

பேசியதை எழுதியும் கொடுங்கள். ஆங்கிலச் சஞ்சிகைக்கு எழுதுகிற அதே கட்டுரையை, ஒரு சொல்லும் மெதுமையாக்காமல், உள்ளூர்ப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். இயக்குநர் கோபிப்பார், அவருடைய மாமா கனடாவிலிருந்து தொலைபேசியில் ஏசுவார், நாங்களும் உங்களை மறுத்து எழுதுவோம். அதற்கும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து,
பின்வரிசைப் பார்வையாளர் ஒருவர்