சக்கர நாற்காலி சரி, ஆராய்ச்சிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மதுரைப் பக்கத்தில் ஒரு படம். பத்துச் சக்கர நாற்காலிகள், பின்னால் நன்கொடையாளர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி மூன்று வந்தன. ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்காருகிறார், இரண்டில் துணி காய்கிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அவர் தேங்காய் வெட்டுக்கு மரம் ஏறுகிறவர். 2016 ஆடிக் காற்றில், பிடித்த மட்டை பெயர்ந்து வந்து விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கிவிட்டது. எலும்பை நிமிர்த்தி ஸ்குரூ போட்டார்கள். கை நரம்பு அறுந்தால் ஓரளவு வளருமாம், தண்டுவட நரம்பு அப்படி வளராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறேன், ராத்திரியும்தான். அசந்தால் படுக்கைப் புண்.

2018இல் ஒருவர், ஸ்டெம் செல் ஊசி, அதாவது வேறு வகை உயிரணுவாக வளரக்கூடிய மூல உயிரணு ஊசி, போட்டால் நடந்துவிடுவார் என்றார். ஏழு பவுன் போனது. கால் விரல்கூட அசையவில்லை. அந்த மாதிரி ஊசியை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் போடலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017லேயே சொல்லியிருந்ததாம். பிசியோதெரபி படிக்கும் என் மகள் சொல்லித்தான் தெரியும். நிஜ ஆராய்ச்சி மெதுவாக நகர்வதால்தானே இவர்கள் கடை விரிக்கிறார்கள்?

ஆஸ்திரியாவில் 2004இல் தொடங்கிய ‘விங்ஸ் ஃபார் லைஃப்’ அறக்கட்டளை 2014 முதல் மே மாதத்தில் ஓட்டம் நடத்துகிறது. பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் முழுக்கத் தண்டுவட ஆராய்ச்சிக்கே போகிறது. நம் ஊரிலும் கொடுக்கிற கைக்கா பஞ்சம்? சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் இல்லாத தெருவைப் பார்த்ததில்லை. அலங்காநல்லூரில் கார், டிராக்டர் என்று பரிசு குவிகிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடந்தது மாடு தூக்கிப்போட்ட பையன். அவனுக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் பேர் எழுத நாற்காலி முதுகு கிடைக்காது, அதுதான் சிக்கல் போலிருக்கிறது.

தண்டுவட ஆராய்ச்சி தமிழ்நாட்டில் எங்கெங்கே நடக்கிறது, நன்கொடையை எப்படிக் கட்டுவது என்று, தை மாதம் வாடிவாசல் திறக்கும் முன்பு ஒரு பக்கம் போடுங்கள். தையல் காசில் 500 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழவந்தான்