மெயில் கட்டளையின் ‘-ஏ’ குறித்து: சர்வர் நிர்வாகிகளுக்கும் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சர்வர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும், ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கும், லினக்ஸ் பேக்கேஜ்களைப் பராமரிப்போருக்கும் வணக்கம்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று அறிக்கையைத் தயார்செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறது. கட்டளை பிழை எதுவும் சொல்லவில்லை. அஞ்சலும் உரியவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் உள்ளே கோப்பு இல்லை. இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, கோப்பை இணைக்க என்று பலர் எழுதும், மெயில் கட்டளையின் ‘-ஏ’ தெரிவு. ஸ்கிரிப்டுகளிலும் கையேடுகளிலும் கோப்பை இணைக்க அதை இனி எழுதாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மெயில் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரே நிரல் அல்ல. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 7, 8ஆம் பதிப்புகளில் அது ஹெயர்லூம் மெயில்எக்ஸ். 9ஆம் பதிப்பில் எஸ்-நெய்ல். இவற்றில் ஸ்மால் ‘-ஏ’ கோப்பை இணைக்கும். டெபியன், உபுண்டுவில் பிஎஸ்டி-மெயில்எக்ஸ் இருக்கலாம், அல்லது க்னூ மெயில்யுடில்ஸ் இருக்கலாம். இவ்விரண்டிலும் ஸ்மால் ‘-ஏ’ என்றால் அஞ்சலின் தலைப்பில் ஒரு வரி சேர்ப்பது. கோப்பை இணைக்க மெயில்யுடில்ஸில் கேப்பிட்டல் ‘-ஏ’ வேண்டும். பிஎஸ்டி வகையில் இணைப்புக்கென்று தெரிவே கிடையாது. யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் மெயில்எக்ஸ் பகுதியில் இணைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லப்படாததால், ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சர்வரில் சரியாக ஓடும் ஸ்கிரிப்டை வேறு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) மாற்றியதும் இணைப்பு காணாமல் போவது இதனால்தான்.

எது உங்கள் சர்வரில் இருக்கிறது என்று பார்ப்பது எளிது. ரீட்லிங்க் கட்டளைக்கு ‘-எஃப்’ கொடுத்து மெயிலின் முழுப் பாதையைத் தந்தால் உண்மையான நிரலின் பெயர் வந்துவிடும். ஆனால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருப்பதைவிட, எங்கும் ஒரேமாதிரி நடக்கும் மட் என்ற மின்னஞ்சல் நிரலை நிறுவிக்கொள்வதே மேல் (தெரிவுகள் எல்லாம் ஸ்மால் எழுத்தில்):

மட் -எஸ் "பொருள்" -ஏ கோப்பு1 கோப்பு2 -- முகவரி < உரைக்கோப்பு

நடுவிலுள்ள இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். ‘-ஏ’க்குப் பின் வருவதையெல்லாம் மட் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும், கோப்புகள் முடிந்தன என்று அதற்குச் சொல்வது அந்தக் கோடுதான். அது இல்லாவிட்டால் முகவரியையும் ஒரு கோப்பாக நினைத்துத் தேடி, கிடைக்கவில்லை என்று அனுப்பாமல் நின்றுவிடும். இப்படிச் சத்தம்போட்டு நிற்பது, வெறும் அஞ்சலை அனுப்பிவிட்டு வெற்றி என்று சொல்வதைவிட எவ்வளவோ நல்லது. நட்சத்திரக் குறி போட்டுப் பல கோப்புகளைச் சேர்ப்பதும் இதில் நடக்கும். எஸ்-நெய்லில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி ‘-ஏ’ தேவை என்பதால், நட்சத்திரம் விரிந்ததும் முதல் கோப்பு மட்டும் இணைப்பாகும், மற்றவற்றின் பெயர்கள் பெறுநர் முகவரிகளாகிவிடும். உரை எதுவும் தேவையில்லை என்றாலும் உள்ளீடாக, எப்போதும் வெறுமையாக இருக்கும் டெவ்-நல் கோப்பைக் கொடுங்கள். இல்லையெனில் டெர்மினலில் மட் தன் திரையைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அனுப்புநர் முகவரி ரூட் என்று போவது ஸ்பேம் பெட்டிக்கு நேர்வழி. ‘-இ’ தெரிவால் ஃப்ரம் முகவரியை அமைத்து, அதே முகவரியை அஞ்சலின் உறையிலும் இடும் யூஸ்_என்வலப்_ஃப்ரம் மாறியையும் இயக்கிவிடுங்கள்.

பழைய கையேடுகளில் இன்னும், கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் யூயூஎன்கோடைக் குழாயில் இட்டு மெயிலுக்கு அனுப்பும் வழி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அஞ்சலில் இணைப்புகளை வைக்கும் முறையைச் சொல்லும் மைம் தரம் 1992இல் வெளிவந்தது. யூயூஎன்கோட் அதற்கும் முந்தையது. அது இணைப்பு அல்ல, உரைக்குள் திணித்த எழுத்துக் குவியல். இன்றைய வெப்மெயில் பலவற்றில் பெறுபவர் பார்ப்பது ‘பிகின் 644’ என்று தொடங்கும் புரியாத பக்கங்களைத்தான்.

மைம் அஞ்சலைக் கையாலேயே கட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. கோப்பை அஞ்சலுக்கேற்ற எழுத்துகளாக்கும் க்னூவின் பேஸ்64 கட்டளை 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடிக்கும். மேக்கில் உள்ளது தானாக மடிக்காது. அஞ்சலில் ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வழியிலுள்ள ஏதாவது சர்வர் வரியை வெட்டும், கோப்பு பழுதாகும். ஒவ்வொரு பகுதியின் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே ஒரு வெற்று வரி வேண்டும். கடைசி எல்லைக்கோட்டின் இறுதியிலும் இரண்டு கோடுகள் வேண்டும். இத்தனையையும் ஷெல்லில் கட்டுவதற்குப் பதில் பைத்தானின் ஈமெயில் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகளையும் அது சரியாகக் குறியேற்றும்.

டெர்மினலில் சோதித்தபோது நன்றாக இருந்த தமிழ் உரை, கிரானில் ஓடியதும் பெயரில்லாத பைனரி இணைப்பாக வந்து நிற்பதும் உண்டு. பெரும்பாலும் கிரானின் லோகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) வெறும் ‘சி’ என்று இருக்கும். ஹெயர்லூம் வகை மெயில்எக்ஸ் அதில் ஆஸ்கி அல்லாத பைட்டுகளைக் கண்டால் உரையையே பைனரி என்று முடிவுகட்டிவிடும். விண்டோஸிலிருந்து வந்த உரையின் வரி முடிவிலுள்ள சிஆர் எழுத்தும் இதையே செய்யும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எல்சி_ஆல் மாறிக்கு யூடிஎஃப்-8 லோகேல் ஒன்றைக் கொடுங்கள். சிஆர் எழுத்துகளை டிஆர் கட்டளையால் நீக்குங்கள்.

அளவுக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பேஸ்64 மூன்று பைட்டை நான்காக்கும். வரி முடிவுகளையும் சேர்த்தால் கோப்பு சுமார் 37 விழுக்காடு வளரும். அஞ்சல் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸில் ஓர் அஞ்சலின் இயல்பு உச்சவரம்பு 10240000 பைட். அதாவது ஏறக்குறைய 7.4 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு உங்கள் சர்வரைவிட்டே வெளியேறாது. ஜிமெயிலின் 25 எம்பி வரம்பையும் 18 எம்பி கோப்பு என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. உச்சவரம்பை போஸ்ட்கான்ஃப் கட்டளையில் பாருங்கள். ஸ்கிரிப்டில் அனுப்பும் முன்பே ஸ்டாட் கொண்டு கோப்பின் அளவைச் சோதியுங்கள். மீறினால் கோப்பைப் பகிர்வு சர்வரில் ஏற்றி இணைய முகவரியை அனுப்புங்கள். ஜிப்புக்குள் இஎக்ஸ்இ இருந்தாலும் ஜிமெயில் தடுத்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கட்டளை முடிந்ததும் தரும் வெளியேறு குறியீடு பூஜ்யம் என்றால் அஞ்சல் வரிசையில் சேர்ந்தது என்றுதான் பொருள், போய்ச் சேர்ந்தது என்று அல்ல. மெயில்க்யூ கட்டளையில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். லாகில் ‘சென்ட்’ என்ற நிலை அடுத்த சர்வர் ஏற்றுக்கொண்டதைக் காட்டும். ‘டிஃபெர்ட்’ என்றால் இன்னும் முயல்கிறது. ‘பவுன்ஸ்ட்’ என்றால் முடிந்துவிட்டது. பல கிளவுட் நிறுவனங்கள் வெளியே செல்லும் 25ஆம் போர்ட்டை மூடிவைத்திருப்பதால், 587 வழியே உள்நுழைந்து அனுப்பும் ரிலே ஒன்றை அமைப்பது நல்லது. எம்எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் நிரல் அதற்குப் போதும். கடவுச்சொல்லை அதன் அமைப்புக் கோப்பில் வைத்தால் அனுமதியை 600 ஆக்குங்கள்.

பேக்கேஜ் பராமரிப்பாளர்களிடம் ஒரு தனிக் கோரிக்கை. உங்கள் மெயில் நிரலின் கையேட்டுப் பக்கத்தில், முதல் பத்தியிலேயே, ‘-ஏ’ இங்கே என்ன செய்யும், மற்ற மெயில் நிரல்களிலிருந்து எப்படி வேறுபடும் என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் நிரலில் ‘-ஏ’ தலைப்பு வரி சேர்ப்பதற்கானது என்றால், அதற்குப் பின் வருவது தலைப்பு வரிபோல் இல்லாமல் கோப்பின் பாதையாக இருந்தால், அஞ்சலை அனுப்பாமல் பூஜ்யமல்லாத குறியீட்டுடன் நிறுத்துங்கள்.