குறுக்கே வராத மாடு

சிவமயம்

பள்ளத்தூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராசாவுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனில் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது இங்கே எனக்குக் கேட்கும், நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்க அப்பச்சி இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், முழுசாகப் படித்துவிட்டுப் பேசு.

நீ வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்துத் தூணில் இடித்தாயே, அந்த இன்சூரன்ஸ் விஷயமாக நேற்று சாயங்காலம் அந்த ஏஜென்ட் வந்தார். காபி கொடுத்தேன். கிளெய்ம் ஃபாரத்தை அவரே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார், "தம்பி போன்ல சரின்னுட்டாப்ல ஆச்சி, ஆர்.சி. காப்பியும் லைசென்ஸ் காப்பியும் கொடுத்தா போதும், கையெழுத்தைச் சென்னையில் வாங்கிக்கிறேன்" என்றார். நான் எதையும் படிக்காமல் கொடுக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், விபத்து நடந்த இடம் குன்றக்குடி ரோடு, நேரம் இரவு ஏழரை, காரணம் மாடு குறுக்கே வந்தது. எந்த மாடு என்று கேட்டேன். சிரிக்கிறார். "வீட்டு வாசல்ல இடிச்சதுன்னு எழுதினா கம்பெனியில கொடுக்க மாட்டான் ஆச்சி, ரோட்டுல நடந்தாத்தான் இன்சூரன்ஸ், எல்லாரும் இப்படித்தான் எழுதறது" என்கிறார்.

நீ இதற்குச் சரி என்று சொன்னாயா? சொல்லியிருப்பாய். பல்லவன் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் எதற்குத்தான் சரி சொல்லமாட்டாய்.

அந்த மாட்டுக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார். நசுங்கியிருப்பது பின் பம்பர். போனது இடது டெயில் லேம்ப். ஒடுங்கியிருப்பது டிக்கிக் கதவு. மாடு குறுக்கே வந்திருந்தால் காரின் முன்பக்கம் அல்லவா அடிபட வேண்டும்? சிராவயல் மஞ்சுவிரட்டிலிருந்து தப்பித்த காளை உன் காரைத் துரத்திவந்து பின்னால் முட்டியதா? பம்பரின் கீறலுக்குள் நம் தூணின் சுண்ணாம்பு அப்படியே அப்பியிருக்கிறது, ஒர்க்‌ஷாப் பையன்கூடக் கேட்டுவிட்டான், "செவுத்துல உட்டுட்டாரா அண்ணன்" என்று. இதெல்லாம் போதாதென்று பிள்ளையார் நோன்பன்று ராத்திரி இடித்த கையோடு நீயே போட்டோ எடுத்துப் பங்காளிகள் குரூப்பில் போட்டிருக்கிறாய், அதில் கார், பெயர்ந்த தூண், பக்கத்தில் நான் போட்ட கோலம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மாட்டை மட்டும்தான் காணோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார். உன் பாலிசி பிடிஎஃப்பை அப்பச்சியின் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கி இரண்டு நாளாகப் படித்தேன், நம் அம்மான் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் இன்சூரன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனானே, அவனிடமும் கேட்டேன். அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸைத்தான் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவில் கட்டாயமாக்குகிறது, அதுவும் பொது இடத்தில் ஓடுகிற வண்டிக்கு. பொது இடம் என்றால் பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம். நம் வீட்டு முன்வாசல் அந்தக் கணக்கில் வருமா வராதா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய பேச்சு. ஆனால் உன் காருக்கே ஏற்பட்ட சேதம் வேறு பகுதி. நீ வாங்கியிருப்பது இரண்டும் சேர்ந்த பாலிசி. சொந்தச் சேதப் பகுதியில் தற்செயலாக வெளியிலிருந்து பட்ட அடி என்றுதான் இருக்கிறதே தவிர, ரோட்டில் பட்டதா வாசலில் பட்டதா என்ற பேச்சே இல்லை. உன் சென்னை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூணில் இடித்தாலும் இதே கதைதான். ஆக, உண்மையை எழுதினாலே கிடைக்கிற பணத்துக்கு எதற்கு ஒரு மாடு?

பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள். கிளெய்ம் 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் சேதத்தை மதிப்பிடுகிற, லைசென்ஸ் வாங்கிய சர்வேயர்தான் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் கம்பெனி ஆள் ஒருத்தர் பார்ப்பார், இல்லாவிட்டால் வீடியோவில் காட்டச் சொல்வார்கள். ஒத்துவரவில்லை என்றால் மொத்தமாகத் தள்ளிவிடலாம், பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. ஃபாரத்தில் அடியில் கையெழுத்துப் போடுவது நீ, ஏஜென்ட் இல்லை. உண்மையை எழுதியும் தரமாட்டேன் என்றால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு, சென்னையிலேயே புகாரை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் ஆபீஸ் இருக்கிறது, அங்கே போகலாம், காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அப்புறம் நாள் ஆகிவிட்டதே என்று கவலைப்படாதே. உடனே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி, நீ தெரிவிக்காதது தப்புத்தான். ஆனால் தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2011-லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்கிற ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை விட்டிருக்கிறதாம். மாடு என்று எழுதிவிட்டு நியாயம் பேச முடியாது, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. உங்க ஐயா பர்மாவில் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாக இருந்து கணக்குக் கற்றவர், ஐந்தொகை சேராவிட்டால் ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்காது, அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். உன் கல்யாண முறைச்சிட்டை நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் போட்டிருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 19,000. பம்பர் 5,200, டெயில் லேம்ப் 4,000, டிக்கிக் கதவு டிங்கரிங் 2,500, பெயின்டிங் 6,000, கழற்றி மாட்டுகிற கூலி 1,300. கம்பெனி இதை அப்படியே கொடுக்காது. பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான், தேய்மானம் 50 சதவீதம், அதில் பம்பரும் லேம்ப்பும் போய் 4,600 கழிந்தது. பெயின்டிங்கில் கால்வாசியைப் பெயின்ட் விலை என்று வைத்து அதிலும் பாதியைக் கழிப்பார்கள், அது 750. நல்ல வேளை கதவையே மாற்றச் சொல்லவில்லை, மூன்றரை வருட வண்டிக்கு இரும்புச் சாமானில் 25 சதவீதம் போயிருக்கும். மிச்சம் 13,650. எந்தக் கிளெய்மாக இருந்தாலும் முதல் 1,000 ரூபாய் உன் கையிலிருந்து, 1,500 சி.சி.க்கு மேலே இருந்தால் 2,000, உன்னுடையது சின்ன இன்ஜின். ஆகக் கைக்கு வருவது 12,650.

போன ஜூனில் ரினியூ பண்ணும்போது, தேய்மானம் கழிக்காமல் கொடுக்கிற ஜீரோ டெப்பை வேண்டாம் என்று எடுத்துவிட்டாயே, ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று என்னிடம் பெருமையாக வேறு சொன்னாய். அது இருந்திருந்தால் ஏறக்குறைய 18,000 வந்திருக்கும். சொல்லிக்காட்டவில்லை, கணக்கில் வந்தது, எழுதினேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதை ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. நோ கிளெய்ம் போனஸ். கிளெய்மே இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நாலுக்கு 45, ஐந்துக்கு 50 சதவீதம், சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழிவு. நீ இப்போது 35-இல் இருக்கிறாய், வருகிற ஜூனில் 45 கிடைக்க வேண்டும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், அது பம்பருக்காகப் போட்டாலும் சரி, பூஜ்ஜியம், திரும்ப முதலிலிருந்து ஏற வேண்டும். உன் பிரீமியம் கழிவுக்கு முன்னால் 9,000 என்று வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் 4,050 கூடுதலாகக் கட்டுவாய், அதற்கடுத்து 2,700, அப்புறம் 2,250, 1,350, 450. கூட்டினால் 10,800. அதன் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 12,744. பார்த்தாயா? வருவது 12,650, போவது 12,744. வண்டிக்கு வயசாக ஆக அதன் மதிப்பு குறைந்து பிரீமியமும் குறையும், அதனால் போவது இதைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக ஃபாரம், போட்டோ, ஏஜென்ட், பொய் எல்லாம் வேண்டுமா? நடுவில் பெரிசாக ஏதாவது ஆனால், அப்படி ஆகக் கூடாது, கோயிலுக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன், அப்போது எப்படியும் போனஸ் போகும்தான். அது அப்போது பார்த்துக்கொள்வது. என்னைக் கேட்டால் 19,000-த்தைக் கையிலிருந்து கட்டு. இல்லை, கிளெய்ம்தான் போடுவேன் என்றால் போடு, உன் பணம், உன் கார், ஆனால் வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தேன் என்று எழுதிப் போடு.

தூண் விஷயம் தனி. அது உன் பம்பரைவிடச் சிக்கல்.

நாலு கை வச்ச பழைய பூச்சுடா அது. சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய் ஊறவைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி பண்ணினது, சின்ன வயசில் நீ அதில் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கிறாய். ஒரு முழம் பெயர்ந்து செங்கல் தெரிகிறது. சிமெண்டை அப்பி வெள்ளையடித்துவிடலாம் என்று கோயமுத்தூரில் இருக்கிற பங்காளிக் குடும்பம் சொல்கிறது, பெரியப்பச்சி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கேட்டதில் 8,500 சொல்கிறார், முட்டை தனி.

இதை இன்சூரன்ஸில் வாங்கலாமே என்று குரூப்பில் ஒருத்தர் கிளப்பிவிட்டார். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் உன் பாலிசியில் 7.5 லட்சம் வரைக்கும் இடம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பாலிசிக்காரனுக்குச் சொந்தமான சொத்து, அவன் பொறுப்பில் இருக்கிற சொத்து என்றால் கிடையாது. அப்படியானால் இந்தத் தூண் யாருடையது? வீடு இன்னும் பாகம் பிரியவில்லை, ஆறு புள்ளிக்கும், அதாவது ஆறு குடும்பத்துக்கும், பொது. நம்மைத் தள்ளிவிட்டு மிச்ச ஐந்து புள்ளியும் உனக்கு மூன்றாம் நபரா? பெரியப்பச்சியிடம் போய் நீங்க எனக்கு மூன்றாம் நபர் என்று சொல்லிப் பாரேன், அப்புறம் உன் பிள்ளைக்குப் புதுமைச் சடங்கு வைக்கும்போது இந்தப் பக்கமே வரமாட்டார். இதைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோய்த் தீர்க்கிறதற்குள் மிச்சமிருக்கிற பூச்சும் தானாக உதிர்ந்துவிடும். இரண்டடி தள்ளி அவர் கார் நின்றது, அதில் படாமல் போனதே, அதை நினைத்துக்கொள்.

இன்னொன்று. இடித்த உடனே இறங்கி எல்லார் முன்னாலும் "நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன் பெரியப்பச்சி" என்றாய். பாலிசிப்படி அது கூடாதாம், கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ரோட்டில் முன்பின் தெரியாதவர் வண்டியில் இடித்தால் அந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள், வாயை மூடிக்கொண்டு முதலில் கம்பெனிக்குப் போன் பண்ணு. ஆனால் அன்றைக்கு நீ அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்பச்சிக்கும்தான், சொல்லமாட்டார். சொன்ன சொல் சொன்னதுதான், அந்த 8,500 உன்னுடையது, நான் பாதி போடுகிறேன் என்று அப்பச்சி ஆரம்பித்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் பம்பர் மதுரையிலிருந்து வர வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள் ஆர்டர் போட்டால்தான் பொங்கலுக்கு முன்னால் வண்டி கிடைக்கும். கிளெய்ம் போடுவதாக இருந்தால் கம்பெனி ஆள் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது, அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று சொல். ஏஜென்ட் ஃபாரத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன், அவர் கேட்டார், கொடுக்கவில்லை. வருத்தப்பட்டுத்தான் போனார், மாவுருண்டை கொடுத்தேன், கொஞ்சம் சமாதானமானார்.

உனக்கும் மாவுருண்டையும் தேன்குழலும் பார்சலில் போட்டிருக்கிறேன். எவர்சில்வர் டப்பா இரண்டு, மூடியில் பெயர் வெட்டினது. போன தடவை கொடுத்த டப்பாவே இன்னும் வரவில்லை, மொத்தம் மூன்று உன் கணக்கில் நிற்கிறது, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. வந்தால் வண்டியைத் தெருவிலேயே நிறுத்து.

ஆத்தா