காரணம் கேட்டு வந்தவனுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு

ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தாத்தாவுக்கும், மணியடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அண்ணனுக்கும், தென்னந்தோப்பு மாமாவுக்கும், தரங்கம்பாடி டீச்சருக்கும், அக்கரைப்பேட்டை அத்தைக்கும் வணக்கம். மரியே வாழ்க!

நேரில் நன்றி சொன்னால் "போடா, இதுக்கெல்லாமா" என்று துரத்திவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

சவூதியில் இருந்த காலத்தில் கிறிஸ்துமஸ் எனக்கு ஷிப்ட் நாள். அங்கே கோயில் கிடையாது, ஞாயிறும் வேலை நாள்தான். நீடாமங்கலம் பக்கம் திரும்பி வந்து சேர்ந்தபோது புதுத்துணி, பட்டாசு, பிரியாணி என்ற சின்ன வயசுப் பண்டிகைதான் மனசில் மிச்சம் இருந்தது. எந்தத் திருநாள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு உபதேசியார் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். தாத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சாம்பல் புதன் வருது, கோயில்பிள்ளைக்குக் கை ஒத்தாசையா இரு, போ" என்றார். அவ்வளவுதான் பாடம்.

கோயில்பிள்ளை அண்ணே, நீங்கள் கொடுத்த முதல் வேலை வீடு வீடாகப் போய், போன வருஷம் குருத்து ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) கொடுத்த, சிலுவையாக மடித்து வைத்த குருத்தோலையை வாங்கி வருவது. மாதா படத்துக்குப் பின்னாலிருந்தும், நிலைப்படிக்கு மேலிருந்தும், பீரோ இடுக்கிலிருந்தும் காய்ந்து சுருண்ட சிலுவைகளை உருவிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு ஓலையை மட்டும் கொடுத்தார் அந்தம்மா. எல்லாவற்றையும் மண்சட்டியில் எரித்து, ஆறவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தோம். ஒரு சாக்கு ஓலைக்கு ஒரு டம்ளர் சாம்பல்கூடத் தேறவில்லை. 'ஓசன்னா' என்று வாழ்த்திப் பாடித் தூக்கிப் பிடித்த அதே ஓலை, மறு வருஷம் சாம்பல் புதனன்று 'நீ மண்ணாக இருக்கிறாய்' என்று சாம்பலாக நெற்றிக்கு வருகிறது. யாரும் எனக்கு விளக்கவில்லை, நகக்கண்ணில் கரி ஏறியிருந்தது, புரிந்தது.

சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை நீளும் தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு) இருப்பதைப் பற்றித் தாத்தா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். சம்பா அறுத்து முடித்திருந்த நேரம். "ஐப்பசி கார்த்திகையில பட்டினி கெடந்தா அது பஞ்சம். பத்தாயம் நெறஞ்சிருக்கும்போது கெடந்தாத்தான்டா நோன்பு." நாற்பது நாள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சேர்த்தால் 46 வரும். ஞாயிறு இயேசு உயிர்த்த நாள், அன்றைக்கு நோன்பு கிடையாதாம். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், ஏன் வருஷத்துக்கு வருஷம் தள்ளிப் போகிறது என்று கேட்டதற்குப் பஞ்சாங்கத்தைக் கையில் கொடுத்தார். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த ஞாயிறைப் பிடிக்கச் சொன்னார். பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டியே விழுகிறது.

தென்னந்தோப்பு மாமா, குருத்து வெட்டினால் மரம் வலிக்கும், காய்ப்பு குறையும் என்று தெரிந்தும் வருஷா வருஷம் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அய்யனார் கோயில் தோரணத்துக்கும் அதே தோப்புதான். எந்த மரத்தில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று நீங்கள் அண்ணாந்து பார்த்துத் தட்டித் தட்டிச் சொன்னதை மறக்க மாட்டேன். காசு கொடுத்தபோது நீங்கள் திட்டிய திட்டை மட்டும் இங்கே எழுதவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தோம். பெண்களையும் சேர்க்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2016-ல் வழி திறந்துவிட்டிருந்தார். அதனால் உளுந்து பறித்துவிட்டு நேரே வந்த நாலு அக்காமார்களும் பெஞ்சில் இருந்தார்கள். நான் தாம்பாளம் பிடித்தேன். பங்குச் சாமியார் தண்ணீர் ஊற்றினார், பித்தவெடிப்பில் செம்மண் கரைந்து ஓடியது. ஓர் அக்கா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். "வேணாம் சாமி, வேணாம் சாமி" என்றார். சீடர் பேதுருவும் முதலில் இயேசுவிடம் அதைத்தானே சொன்னார்! அன்றிரவு மணியைக் கட்டிப்போட்டு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போனதும், சனிக்கிழமை இரவு பாஸ்கா திரியில் (உயிர்ப்புக்கு ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) ஐந்து சாம்பிராணி மணிகளைச் செருகியதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

டீச்சர், நீங்கள் லுத்தரன் சபை, நான் ஆர்.சி. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தரங்கம்பாடிக்குப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, 1715-ல் அங்கேயே தமிழில் அச்சாகி வெளிவந்த புதிய ஏற்பாடு, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதற்குள்ளேயே அவருடைய கல்லறை என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடற்கரையில் உட்கார வைத்து மாற்கு நற்செய்தியின் கடைசி மூன்று அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசிக்கச் சொன்னீர்கள். மிகப் பழைய கைப்பிரதிகளில் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது, இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுவதோடு சரி என்றீர்கள். பிறகு, "அவங்க உயிர்ப்பைத் தேடிப் போகலப்பா. உடம்புக்குத் தைலம் பூசற வேலை பாக்கி இருந்துச்சு, அதுக்குப் போனாங்க. கல்லை யார் புரட்டுவாங்கன்னுதான் அவங்க கவலை." பஸ்ஸில் திரும்பும்போது சாம்பல் சலித்தது, தாம்பாளம் பிடித்தது எல்லாம் அந்த வசனத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

அத்தை, உங்களைப் பற்றி எழுதத்தான் தயக்கம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் உங்கள் பிள்ளையைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் குடில் கட்ட வைக்கோல் பிரி முறுக்குகிறீர்கள். டிசம்பர் 28 காலைப் பூசைக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை, நீங்கள் வருகிறீர்கள். குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது ராஜா கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள் அது. "பொறந்த நாளுக்குப் பக்கத்துலயே அந்தப் புள்ளைங்களையும் வெச்சிருக்காங்க பாரு. இல்லன்னா என்னால குடில் பக்கமே வந்திருக்க முடியாதுப்பா" என்றீர்கள். சீரியல் லைட் போட நாம் காட்டும் அவசரத்தில் கால்வாசியாவது 28-ஆம் தேதிக்குக் காட்டலாம் என்பது என் அபிப்பிராயம்.

விசுவாசம் வந்துவிட்டதா என்று சவூதி நண்பன் போனில் கேட்டான். செபமாலை சொல்லும்போது அந்தப் பக்கம் கேட்க ஆள் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம். நடந்து போகிறவர்களுக்குப் போடும் பந்தலில் மோர் ஊற்றுவது இந்த முறை என் பொறுப்பு என்று கோயில்பிள்ளை அண்ணன் சொல்லிவிட்டார். மாமா, உங்கள் வீட்டு அண்டா ரெண்டு வேண்டும். முந்தின நாளே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை