எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சண்டைக் கதைகளுக்கு இரண்டு பக்கங்களை ஒதுக்கிய கட்டுரையாளர், அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கு ஒரே ஒரு பத்தியைக் கொடுத்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பத்தியை, ‘ஒன்றுமே நடக்காத இக்கதைகளுக்கு முடிவு என்று தனியாக எதுவும் தேவையில்லை, எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான்’ என்று முடித்திருக்கிறாரே, அந்த வரி நான்கு நாட்களாக உறுத்துகிறது.

‘யோகோஹாமா கைதாஷி கிகோ’வைக் கடைசிவரை படித்த எவரும் இப்படி எழுத மாட்டார். ஹிதோஷி அஷினானோ 1994 முதல் 2006 வரை மாத இதழ் ஒன்றில் வரைந்த தொடர் அது, 14 தொகுதிகள். கடல் ஏறி ஊர்களை விழுங்குகிறது, மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அல்ஃபா என்ற ரோபோப் பெண், எங்கோ பயணம் போய்விட்ட உரிமையாளருக்காகக் காத்துக்கொண்டு, ஆள் அதிகம் வராத காபிக் கடையை நடத்துகிறாள். காபிக் கொட்டை வாங்க ஸ்கூட்டரில் யோகோஹாமா போய் வருகிறாள். தொடக்கத்தில் நடப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் பெட்ரோல் நிலையத்துப் பெரியவரின் பேரன் தகாஹிரோ மெல்ல வளர்கிறான். அல்ஃபாவுக்கு மட்டும் வயது ஏறுவதில்லை. ஒரு நாள் அவன் வேலைக்கு வெளியூர் போய்விடுகிறான். அவன் பின்னாலேயே சுற்றிய சிறுமி மாக்கி பெரியவளாகி அவனையே மணக்கிறாள். ஒரு மதிய வெயிலுக்கே ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்ட கதையில், கடைசியில் ஆண்டுகள் மளமளவென்று ஓடுகின்றன. பெரிதாக யாரும் அழவில்லை, விடைபெறும் வசனமும் இல்லை.

என் மகள் கல்லூரி விடுதிக்குப் போன ஆண்டில், அவள் அலமாரியில் விட்டுச்சென்ற இந்தத் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசித் தொகுதியை முடித்த இரவு அவளுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், ‘சாப்பிட்டாயா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான் என்றால், ஐந்தாம் தொகுதியை முடித்த இரவு நான் ஏன் நிம்மதியாகத் தூங்கினேன்? கட்டுரையாளர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குவது தாங்கள் அறியாததல்ல. இவ்வகைக் கதைகள் பலவும் பட்டமளிப்பு நாளில் முடிவதற்கு அதுவே காரணம். கியோஹிகோ அஸுமா 1999இல் தொடங்கிய ‘அஸுமங்கா தாயோ’ 2002இல் முடிந்தது. கதையில் வரும் பெண்களும் மூன்று ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் படித்து வெளியேறுகிறார்கள். அவர்களோடு பள்ளியில் சேர்ந்த வாசகிகள் ஏறக்குறைய அவர்களோடுதான் பள்ளியை விட்டு வெளியே வந்திருப்பார்கள். இது தற்செயலாக நேர்ந்த நிறுத்தம் என்று நம்ப முடிகிறதா? பள்ளி இசைக்குழுப் பெண்களின் கதையான ‘கே-ஆன்’ தொடரும் 2010இல் இப்படித்தான் முடிந்தது. அடுத்த ஆண்டே பாத்திரங்களைக் கல்லூரிக்கு அழைத்துவந்து கதையை நீட்டி, 2012இல் மறுபடி முடித்தார்கள். முதல் முடிவின் கனம் இரண்டாவதில் எனக்குக் கிடைக்கவில்லை. இடம் மாறினால் முடிவு கெடும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அதே அஸுமா 2003இல் தொடங்கிய, யோட்சுபா என்ற சிறுமியின் கதையான ‘யோட்சுபா’வில் இருபது ஆண்டுகள் கடந்தும் அவளுக்கு ஓராண்டுகூடக் கழியவில்லை. ஆனாலும் 15ஆம் தொகுதியில் அவளுக்குப் பள்ளிப் பை வந்துவிடுகிறது. அதை மாட்டிக்கொண்டு நிற்கும் அவளைப் பார்த்து அப்பா கண்கலங்குகிறார். கதை நிற்கவில்லை. முடிவு மட்டும் வாசலுக்கு வந்துவிட்டது.

முடிவால் பாழான கதையும் உண்டு. யூமி உனிதாவின் ‘உசாகி டிராப்’பில், உறவினர் யாரும் ஏற்க முன்வராத ஆறு வயது ரின்னை முப்பது வயது தைகிச்சி வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கிறான். முன்பாதியைப் போல ஒரு பிள்ளை வளர்ப்புக் கதையை நான் படித்ததில்லை. பின்பாதியில் பத்தாண்டுகளைத் தாண்டிப் போய், இருவருக்கும் இரத்த உறவே இல்லை என்று சொல்லி, வளர்த்தவனோடு அவளைச் சேர்த்துவைத்துவிட்டார்கள். முன்பாதியை நான் மறுபடி திறக்கவே இல்லை.

மங்காவைப் பற்றித் தங்கள் இதழ் அலட்சியமாக எழுதுவது இது முதல்முறை அல்ல. என் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது தங்கள் துணுக்குப் பகுதியில், டோரேமான் கதை முழுவதும் நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் நோபிடாவின் கனவு, அதுதான் அதன் முடிவு என்று அச்சிட்டீர்கள். குழந்தை இரண்டு நாள் அழுதாள். அது வெறும் வதந்தி. டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அப்படி எழுதவே இல்லை. அவர் வரைந்தது வகுப்புவாரியாக வெளிவந்த சிறுவர் இதழ்களில். மார்ச் வந்தால் அந்த வகுப்பு இதழை விட்டுக் குழந்தைகள் போய்விடுவார்கள் என்பதற்காகவே 1971இலும் 1972இலும் அவர்களுக்கு விடை கொடுக்கும் அத்தியாயங்களை வரைந்தார். 1974 மார்ச் மாதம் மூன்றாம் வகுப்பு இதழில் டோரேமான் நோபிடாவைப் பிரிந்து சென்றது. ஏப்ரலில் நான்காம் வகுப்பு இதழில் திரும்பி வந்தது. வகுப்பு மாறும் குழந்தையை நினைத்து ஒருவர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததை, கோமா என்ற ஒரு சொல்லில் அழித்துவிட்டீர்கள். திருத்தம் கேட்டு அன்றே எழுதினேன். வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். தங்கள் நாளிதழின் ஆறாம் பக்கத்தில் நான்கு கட்டங்களில் வந்துகொண்டிருந்த குடும்பச் சித்திரத் தொடரை என் தந்தையார் தினமும் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அது இல்லை. அந்த இடத்தில் விளம்பரம். தாள் விடுபட்டுவிட்டது என்று நினைத்து, பேப்பர் போடும் பையனிடம் அப்பா கோபித்துக்கொண்டார். பாவம் அந்தப் பையன். பிறகு தங்களுக்கு இரண்டு அஞ்சலட்டைகள் எழுதினார், பதிலில்லை. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்ட் செய்து வைத்த குடும்பம் எங்களுடையது. ‘தொடரும்’ என்று போட்டால் காத்திருப்போம், ‘முற்றும்’ என்று போட்டால் மூடி வைப்போம். இரண்டும் இல்லாமல் விட்டால் என்ன செய்வது?

மச்சிகோ ஹாசேகாவா 1946இல் தொடங்கிய ‘சசாயே-சான்’ என்ற குடும்பச் சித்திரத் தொடர்கூட 1974 பிப்ரவரி 21 அன்று ஆசாஹி நாளிதழில் விடைபெறாமல்தான் நின்றது என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வயதே ஏறுவதில்லை, 1969 முதல் இன்றுவரை ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் வந்துகொண்டும் இருக்கிறது. தங்கள் ஆறாம் பக்கத்துக் குடும்பத்தைத் தேடி நாங்கள் எங்கே போவது? அந்த வீட்டுப் பெரிய பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான்.

அவன் தேறினானா என்று நான் கேட்கவில்லை. அந்தத் தொடர் முடிந்துவிட்டதா, இல்லை நிறுத்தப்பட்டதா, வரைந்தவர் நலமாக இருக்கிறாரா என்பதை மட்டும் ஒரு வரியில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். இதழில் வெளியிட இடமில்லையென்றால் அப்பாவின் பெயருக்கு ஓர் அஞ்சலட்டை போதும். முகவரி தங்கள் சந்தாப் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்